குழந்தையோடு ஒரு கச்சேரி, தனியாக ஒரு கச்சேரி: மார்கழி சீசனுக்குப் புதிதாக வரும் பெற்றோருக்கு

சென்னையில் மார்கழியை ஒட்டி நடக்கும் கர்நாடக இசைக் கச்சேரிகளின் டிசம்பர் சீசனுக்குக் குழந்தையை அழைத்துப் போகலாமா என்று கேட்கும் இளம் பெற்றோருக்கு நான் முதலில் சொல்வது, போகலாம், ஆனால் தாமதமாகப் போங்கள் என்பதுதான். பலரும் இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்கிறார்கள். கச்சேரியின் முதல் உருப்படியான வர்ணம் தொடங்குவதற்கு முன்பே இருக்கையில் அமர்ந்துவிட வேண்டும் என்று கற்பிக்கப்பட்ட வீட்டில் வளர்ந்தவள் நான் என்பதால், இந்த முடிவுக்கு வர எனக்கே சில மார்கழிகள் தேவைப்பட்டன. என் மகளுக்கு இப்போது 8 வயது. அவளுடைய 3 வயதிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் சில கச்சேரிகளுக்கு அவளை அழைத்துப் போகிறேன். சில கச்சேரிகளுக்கு அவளை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போகிறேன். இரண்டையும் ஒரே டிக்கெட்டில் முடித்துக்கொள்ளலாம் என்று நம்பிய முதல் ஆண்டில் எனக்கும் இசை கிடைக்கவில்லை, அவளுக்கும் கிடைக்கவில்லை.

அந்த முதல் முயற்சியைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதியவர்கள் பெரும்பாலும் அதே தவறைத்தான் செய்கிறார்கள். புகழ்பெற்ற பாடகர் ஒருவரின் மாலைக் கச்சேரிக்கு, கிடைத்ததிலேயே நல்ல இடம் வேண்டும் என்று, ஐந்தாவது வரிசையில் நட்டநடுவே இரண்டு டிக்கெட்டுகள் வாங்கினேன். முதல் இரண்டு பாட்டுகள் வரை என் மகள் அமைதியாகத்தான் இருந்தாள். பிரதான ராகத்தின் ஆலாபனை தொடங்கிப் பத்து நிமிடங்கள் ஆனபோது, அரங்கமே மூச்சடக்கிக் கேட்டுக்கொண்டிருந்த ஓரிடத்தில், "அம்மா, மாமாவுக்குப் பாட்டு மறந்துபோச்சா?" என்று உரக்கக் கேட்டாள். சொற்களே இல்லாமல் ஒருவர் இவ்வளவு நேரம் பாடினால் ஒரு குழந்தைக்கு வேறென்ன தோன்றும்? முன்வரிசையில் இருவர் சிரித்தார்கள், மற்றவர்கள் சிரிக்கவில்லை. வரிசையின் நடுவிலிருந்து வெளியேற ஒன்பது பேரின் முழங்கால்களைக் கடக்க வேண்டியிருந்தது. வாசலில் நின்ற தொண்டர் ஒருவர், சிறு பிள்ளைகளை அழைத்து வரக் கூடாது என்று டிக்கெட்டின் பின்புறம் அச்சிட்டிருப்பதைக் காட்டினார். அதை நான் படித்திருக்கவில்லை.

ஆகவே டிக்கெட் வாங்குவதற்கு முன் வயது வரம்பைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த விஷயத்தில் கச்சேரி நடத்தும் அமைப்புகளான சபாக்களில் சபாவுக்குச் சபா விதி வேறுபடும். குழந்தைக்குத் தனி டிக்கெட் வேண்டுமா என்பதும் வேறுபடும். தொலைபேசியில் ஒரு நிமிடத்தில் முடிகிற வேலைதான்.

அடுத்ததாகக் கச்சேரியின் அமைப்பைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். தாமதமாகப் போங்கள் என்று நான் சொல்வதன் காரணம் அதில்தான் இருக்கிறது. இன்று நாம் கேட்கும் கச்சேரி முறைக்கு இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உறுதியான வடிவம் கொடுத்தவராகப் பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரை (1890–1967) சொல்வது வழக்கம். வர்ணத்தில் தொடங்கி, சில கீர்த்தனைகள் பாடி, பிறகு பிரதான ராகத்தை ஆலாபனை (சொல்லில்லாமல் ராகத்தை விரிப்பது), கிருதி (பாட்டு), நிரவல் (பாட்டின் ஒரு வரியை மாற்றி மாற்றிப் பாடுவது), கல்பனா ஸ்வரம் (ஸரிகமவை அப்போதைக்கப்போது கோத்துப் பாடுவது) என்று விரித்து, அதன் முடிவில் தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் விட்டு, அதன்பின் துக்கடாக்கள் எனப்படும் சிறு உருப்படிகளைப் பாடி மங்களத்தில் முடிப்பது இந்த முறை. பெரியவர்கள் மதிக்கும் பகுதியான ஆலாபனையும் நிரவலும் கச்சேரியின் நடுவில் வருகின்றன. குழந்தைகளுக்குப் பிடித்த பகுதிகளோ, அதாவது தாள வாத்தியங்களின் தனியும் ஐந்தாறு நிமிடங்களில் முடிந்துவிடும் துக்கடாக்களும், கடைசியில்தான் வருகின்றன. தொடக்கத்திலிருந்து உட்கார வைத்தால், தனக்குரிய பகுதி வருவதற்குள் குழந்தை களைத்துப்போய்விடுகிறது. ஒன்றரை மணி நேரக் கச்சேரியானால் தொடங்கி ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்தும், இரண்டரை மணி நேரக் கச்சேரியானால் ஒன்றரை மணி நேரம் கழித்தும் உள்ளே நுழைந்தால், ஸ்வரங்களின் கடைசிச் சுற்றிலோ தனியின் தொடக்கத்திலோ போய்ச் சேர்வீர்கள். ஒரே ஒரு நிபந்தனை: பாட்டு முடிந்து கைதட்டல் எழும்போதுதான் கதவைத் திறக்க வேண்டும்.

முதல் கச்சேரியை அரங்கத்துக்கு வெளியே வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. மயிலாப்பூர் மாட வீதிகளில் மார்கழி விடியற்காலையில் பஜனை பாடிக்கொண்டு போகும் வழக்கம் இன்றும் இருக்கிறது. பாடல்கள் இயற்றிய பாபநாசம் சிவன் (1890–1973) பல ஆண்டுகள் முன்நின்று நடத்திய மரபு அது. குளிருக்கு ஒரு தொப்பியும் கையில் ஒரு ஜோடி ஜாலராவும் கொடுத்தால், நடந்துகொண்டே பாடும் அந்தக் கூட்டத்தில் எந்தக் குழந்தையும் யாருக்கும் தொந்தரவாக இருப்பதில்லை. லஸ் நாகேசுவர ராவ் பூங்காவில் ஒலிபெருக்கி இல்லாமல் நடக்கும் காலைக் கச்சேரிகளும் நல்ல தொடக்கமாக அமையும். பாடுகிறவர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகளாகவே இருப்பதால், இது பெரியவர்களின் வேலை என்ற எண்ணம் குழந்தைக்கு வருவதில்லை. பத்து நிமிடம் கேட்டுவிட்டு ஊஞ்சலுக்கு ஓடினாலும் பாதகமில்லை.

அரங்கத்துக்குள் போகத் தயார் என்று தோன்றியதும் மதியக் கச்சேரிகளைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலான சபாக்களில் இளம் கலைஞர்கள் பாடும் மதிய நேரக் கச்சேரிகளுக்குக் கட்டணம் கிடையாது, இருக்கை எண்ணும் கிடையாது, கூட்டமும் குறைவு. காசு கொடுக்கவில்லை என்பதாலேயே, இருபது நிமிடங்களில் எழுந்து வர நேர்ந்தாலும் மனம் உறுத்துவதில்லை. புதிய பெற்றோருக்கு இந்த விடுதலை மிகவும் முக்கியமானது. மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் டி.டி.கே. சாலையிலேயே இருப்பதால், ஓரிடத்தில் சரிப்படவில்லை என்றால் அடுத்த இடத்துக்கு ஆட்டோவில் சில நிமிடங்களில் போய்விடலாம். மதியத் தூக்கம் போடும் வயதென்றால், தூங்கி எழுந்த பிறகு வரும் நான்கு மணிக் கச்சேரியைப் பாருங்கள். தூக்கத்தைத் தள்ளிப்போட்டு அழைத்துப் போவதில் நான் ஒருமுறைகூட வென்றதில்லை.

தேதியைப் பொறுத்தவரை, கிறிஸ்துமஸை ஒட்டி வரும் அரையாண்டு விடுமுறை பெற்றோருக்குக் கிடைத்த வரம். இந்தப் பருவம் டிசம்பரில் அமைந்ததற்கும் ஒரு விடுமுறைக் காலமே காரணம் என்பது சுவாரசியமானது. 1927 டிசம்பரில் கிறிஸ்துமஸ் விடுமுறையை ஒட்டிச் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதனுடன் ஓர் அகில இந்திய இசை மாநாடும் நடந்தது; அதன் விளைவாக 1928-இல் மியூசிக் அகாடமி தொடங்கப்பட்டது; அதன் ஆண்டு மாநாடுகளும் டிசம்பரிலேயே நிலைபெற்றன. விடுமுறைக் கச்சேரிகளுக்குக் கூட்டம் அதிகம் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சொற்கள் புரியவில்லை என்று குழந்தை முறையிட்டால், பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்தில் நடக்கும் தமிழ் இசைச் சங்கத்தின் விழாவுக்கு அழைத்துப் போகலாம். தமிழ்ப் பாடல்களுக்கு மேடை வேண்டும் என்று 1943-இல் தொடங்கப்பட்ட சங்கம் அது. "இந்தப் பாட்டில் மயில் வருது" என்று என் மகள் முதன்முதலில் காதோடு காதாகச் சொன்னது அங்கேதான். மற்ற சபாக்களிலும் மார்கழியில் துக்கடாவாகத் திருப்பாவைப் பாசுரம் வருவது சகஜம் என்பதால், 30 பாசுரங்களில் இரண்டு மூன்றை வீட்டில் அடிக்கடி ஒலிக்க விட்டால் போதும். தெரிந்த பாட்டு ஒன்று மேடையிலிருந்து வரும் கணத்தில் குழந்தையின் முதுகு தானாக நிமிர்வதைப் பார்ப்பீர்கள்.

வீட்டில் செய்யவேண்டிய இன்னொரு தயாரிப்பு தாளம். ராகங்களைக் கற்றுக்கொடுக்க முயல வேண்டாம். அது நம் ஆசை. ஆதி தாளத்தைப் போடக் கற்றுக்கொடுங்கள். ஒரு தட்டு, பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல்; அதன்பின் ஒரு தட்டு, ஒரு வீச்சு (உள்ளங்கையைத் திருப்பிப் போடுவது), மறுபடி ஒரு தட்டு, ஒரு வீச்சு; மொத்தம் எட்டு. ஐந்து வயதுக் குழந்தை இதை இரண்டு நாட்களில் பிடித்துக்கொள்ளும். தாளம் போடத் தெரிந்த குழந்தைக்குக் கைகளுக்கு வேலை இருக்கிறது. கைகளுக்கு வேலை இருக்கும் வரை கால்கள் முன்னிருக்கையை உதைப்பதில்லை. பிரதான உருப்படி ஆதி தாளத்தில் இல்லாவிட்டால் கணக்கு உதைக்கும், அப்போது மேடையில் பாடுகிறவரின் கையைப் பார்த்து அப்படியே செய்யச் சொல்லுங்கள்.

உட்காரும் இடம் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. குழந்தையோடு போகும்போது பக்கவாட்டுக் கதவுக்கு அருகே, வரிசையின் ஓர இருக்கையே நல்ல இருக்கை. மிருதங்கக்காரர் பெரும்பாலும் பாடகரின் வலப்புறம், அதாவது நம் பார்வைக்கு இடப்பக்கம், அமர்ந்திருப்பார். ஆகவே அந்தப் பக்க ஓரத்தில் இடம் பிடித்தால் விரல்கள் நன்றாகத் தெரியும். ஒலிபெருக்கிப் பெட்டிக்கு நேர் எதிரே மட்டும் உட்கார வேண்டாம். பையில் என்ன இருக்க வேண்டும் என்றால்: ஒரு ஸ்வெட்டர், ஏனென்றால் சென்னை டிசம்பரைவிட அரங்கத்தின் ஏ.சி. குளிரானது; சிந்தாத மூடியுள்ள தண்ணீர்ப் புட்டி; கோடு போடாத நோட்டுப் புத்தகமும் ஒரு பென்சிலும். மேடையில் இருப்பவர்களை வரையச் சொல்வது நான் கண்ட வழிகளிலேயே சிறந்தது. பெட்டி நிறைய கிரையான்கள் கொண்டுபோனால் அவற்றில் ஒன்று கட்டாயம் உருண்டு முன்வரிசைக்குப் போகும். சரசரக்கும் பாக்கெட்டுகளில் அடைத்த தின்பண்டம் எதுவும் வேண்டாம். கைப்பேசியைக் கொடுத்து உட்கார வைப்பதாக இருந்தால், அழைத்து வராமலிருப்பதே மேல். இருட்டில் ஒளிரும் அந்தத் திரை பின்வரிசை முழுவதையும் துன்புறுத்துகிறது.

இனி, தனி ஆவர்த்தனம். இதில் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. பெரியவர்களில் பலர் தனி தொடங்கியதும் காபி குடிக்க எழுந்து போவது சென்னை சபாக்களின் பழைய நோய். குழந்தை பிறப்பதற்கு முன்பு நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். என் மகள்தான் என்னை உட்கார வைத்தாள். முதலில் மிருதங்கம் நிதானமாக ஒரு சுற்று வாசிக்கும், பிறகு மண்பானையான கடமோ, சிறு கைப்பறையான கஞ்சிராவோ, வாயில் வைத்து வாசிக்கும் மோர்சிங்கோ தன் சுற்றை வாசிக்கும். அதன்பின் வருவது குறைப்பு: ஒருவர் வாசித்ததற்கு மற்றவர் பதில் சொல்ல, அந்தக் கேள்வியும் பதிலும் சுற்றுக்குச் சுற்று பாதி பாதியாகச் சுருங்கி, கடைசியில் இருவரும் சேர்ந்து ஒரே வேகத்தில் மோரா, கோர்வை எனப்படும் முடிவுக் கோவைகளுக்குப் போய் முடிப்பார்கள். "ரெண்டு பேரும் சண்டை போடறாங்க, அப்புறம் ராசி ஆயிட்டாங்க" என்று என் மகள் இதை விளக்கினாள். இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எங்கும் கேட்டதில்லை. குழந்தையிடம் முன்கூட்டியே இவ்வளவு சொல்லி வைத்தால் போதும், பத்துப் பதினைந்து நிமிடங்கள் அசையாமல் பார்க்கும்.

வாத்தியங்களைப் பற்றிய சில விவரங்களையும் கதையாகச் சொல்லி வையுங்கள். மிருதங்கத்தின் உடல் பலா மரம். அதன் இடப்பக்கமான தொப்பியில் தொனிக்காக ஈர ரவையைப் பிசைந்து அப்புவார்கள். உப்புமாவுக்குப் போடும் அதே ரவைதான் என்று சொன்னபோது என் மகள் நம்பவில்லை. கடத்துக்குப் பெயர்பெற்ற ஊர் மானாமதுரை. கஞ்சிராவுக்கு முன்பெல்லாம் உடும்புத் தோல் கட்டினார்கள்; உடும்பு இப்போது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு என்பதால் வேறு தோல்களும் செயற்கைப் பொருட்களும் வந்துவிட்டன. வாசிப்பவர் உட்புறத்தில் தண்ணீர் தடவிச் சுருதியைத் தணிப்பதைக் குழந்தைக்குச் சுட்டிக்காட்டலாம். மதியக் கச்சேரி முடிந்ததும் மேடையருகே போய், கலைஞர் ஓய்வாக இருந்தால், பார்க்கலாமா என்று பணிவாகக் கேளுங்கள். மிருதங்கக்காரர் ரவையைச் சுரண்டி எடுப்பதை அருகில் நின்று பார்த்த நாளில்தான் நான் சொன்னது உண்மை என்று அவள் ஒப்புக்கொண்டாள். கேட்காமல் வாத்தியத்தைத் தொட விடவே கூடாது.

எழுந்து போகவேண்டிய நேரத்தைக் குழந்தை சொல்லும் முன்பே நீங்கள் கவனிக்க வேண்டும். முதலில் இருக்கையில் சரிந்து உட்காரும், பிறகு "இன்னும் எத்தனை பாட்டு?" என்று கேட்கும். அந்தக் கேள்வி வந்தால் அடுத்த கைதட்டலில் எழுந்துவிடுங்கள். இன்னும் ஒரே ஒரு பாட்டு என்று கெஞ்சினால், அடுத்த முறை கூப்பிடும்போது வர மறுக்கும்.

கேன்டீன் விஷயத்தில் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: முதலில் கேன்டீன், பிறகு கச்சேரி. முடிந்ததும் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டால், தனி உட்பட எல்லாமே கீரை வடைக்கும் குழந்தைக்கும் இடையே நிற்கும் தடையாகிவிடும். சபா கேன்டீன்கள் பலவற்றில் கச்சேரி டிக்கெட் இல்லாமலும் சாப்பிடலாம். மாலைக் கச்சேரிக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் நெரிசல் மிகுதி. மூன்று மணிக்கெல்லாம் போனால் உட்கார இடம் கிடைக்கும். அக்காரவடிசலை மட்டும் அளவாகக் கொடுங்கள், நெய் தூக்கத்தை வரவழைக்கும்.

திறந்தவெளித் திரையிசை நிகழ்ச்சிகளுக்கு மேற்சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே கவலை ஒலியளவும் கூட்டமும்தான். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பாதுகாப்பான கேட்பு நெறிமுறை, நிகழிடங்களில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. அது பெரியவர்கள் நிறைந்த அரங்கை நினைத்துச் சொன்ன உச்ச வரம்பு. காதில் பஞ்சு வைப்பது போதாது. குழந்தைகளுக்கென்று விற்கும் காது மூடியை வாங்கி, முதலில் வீட்டில் மிக்ஸி ஓடும்போது மாட்டிப் பழக்குங்கள். நின்று பார்க்கும் பகுதிக்கு டிக்கெட் வாங்கவே வேண்டாம். மணிக்கட்டில் உங்கள் கைப்பேசி எண்ணைப் பேனாவால் எழுதிவிடுங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குச் சட்டப்படி தடை இருப்பதால் எல்லோரும் ஒரே சமயத்தில் வெளியே வருவார்கள். நான் ஒன்பதரைக்கே கிளம்பிவிடுவேன். ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை இத்தகைய நிகழ்ச்சிக்கு அழைத்துப் போவதில் எனக்கு உடன்பாடில்லை.

இனித் தனியாகப் போவது. இதைத் தன்னலம் என்று நினைத்து முதல் இரண்டு ஆண்டுகள் நான் தவிர்த்துவந்தேன். குழந்தையோடு போவது அதன் கச்சேரி, அங்கே நான் துணைக்குப் போகிறவள். ஆலாபனையை முழுமையாகக் கேட்க வேண்டுமென்றால் எனக்கென்று வேறொரு நாள் வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது. சீசன் அட்டவணை வந்ததும் கணவனும் மனைவியும் உட்கார்ந்து ஆளுக்கு மூன்றோ நான்கோ கச்சேரிகளைக் குறித்து, ஒருவர் போகும் மாலையில் மற்றவர் வீட்டில் இருப்பது என்று நாட்காட்டியில் எழுதிவிடுவது எங்கள் வீட்டு ஏற்பாடு. எழுதாமல் விட்டால் டிசம்பர் முழுவதும் பேச்சிலேயே கழியும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை இருக்கும் வீட்டில், பாலூட்டிவிட்டு உடனே கிளம்பினால் எட்டிவிடக்கூடிய தூரத்தில் உள்ள சபாவாகவும், ஒன்றரை மணி நேரத்துக்கு மேற்படாத கச்சேரியாகவும் பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பேசியை அணைத்துவைக்க மனம் வராவிட்டால், இடைவேளையின்றிப் பார்த்துக்கொண்டிருப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் ஒருமுறை பார்ப்பது என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டில் இருப்பவரிடமும் அப்படியே சொல்லிவையுங்கள்.

தனியாகப் போகும் நாளில் நான் நடு வரிசையில் நடு இருக்கையையே வாங்குகிறேன், வர்ணத்துக்கு முன்பே போய் உட்காருகிறேன். தனி ஆவர்த்தனத்தின்போது பக்கத்து இருக்கைக்காரர்கள் எழுந்து வழி கேட்டால் முழங்காலை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தபடியே இருக்கிறேன், ஏனென்றால் வீட்டில் விழித்துக்கொண்டிருக்கும் ஒருத்தி கதவைத் திறந்ததுமே கஞ்சிரா இருந்ததா, கடம் இருந்ததா, யார் முதலில் குறைத்தார்கள் என்று கேட்பாள்.